வெடியுப்பு ஏறிய தண்ணீர்

மீன் தொட்டிக்கு அரக்கு முத்திரை வைத்த மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். விழுப்புரத்தில் ஒரே வீட்டை இரண்டாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். முன்பக்கம் அவர், பின்பக்கம் நாங்கள். நடுவில் முற்றம், முற்றத்து மூலையில் இரண்டு குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரு கிணறு. அவர் கூடத்தில் ஜன்னலை ஒட்டி, தார் பூசிய இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்த தொட்டி நின்றது. ஆள் உட்கார்ந்து குளிக்கலாம் போன்ற அகலம். அதில் இருந்தது கடல் தண்ணீர். உடம்பில் வளைந்த கறுப்புக் கோடுள்ள கீச்சான் மீன்கள் சில, சங்குக்குள் குடியிருக்கும் நண்டு ஒன்று, உள்ளங்கையில் பாதி அளவில் ஒரு மஞ்சள் மீன்.

காலையில் மீனுக்குத் தீனி போட்டதும் மூடியை இறக்குவார். மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவே நூலை இழுத்துக் கட்டுவார். முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி, அது ஆறுவதற்குள் கைமோதிரத்தை அழுத்துவார். மறுநாள் காலை முத்திரையைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் உடைப்பார்.

இந்த மீனை யார் திருடப் போகிறார்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"திருடுறவன் எடுத்துக்கினு போவான் சார். அவன் மேல எனக்குப் பயம் கிடையாது. போடுறவன் மேலதான். யாரோ உள்ளாற எதையோ போடுறாங்க" என்றார்.

சொல்லும்போது என் கையைப் பார்த்தார். என் கையில் அப்போது பாதி கடித்த முறுக்கு இருந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் இருந்தவரை புதுச்சேரி எல்லையில் சுங்க வேலை பார்த்தவர். அவர்கள் போனதும் எல்லை போயிற்று, எல்லையோடு வேலையும் போயிற்று. தெருவில் அவரைச் சுங்கத்தார் என்றே சொன்னார்கள். புதுச்சேரியை விட்டு ஏன் விழுப்புரத்துக்கு வந்தார் என்று கேட்டபோது, இங்கே சொந்தக்காரர்கள் இருப்பதாகச் சொன்னார். வேறொரு நாள் அதே கேள்விக்கு, கடற்காற்று மார்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அவர் வீட்டுக்கு உறவென்று ஒருவர்கூட வந்து நான் பார்த்ததில்லை. கடற்காற்று ஒத்துக்கொள்ளாதவர் கடலையே கூடத்தில் வைத்திருந்ததும் எனக்கு விளங்கவில்லை.

ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்பது உண்மையில் அவருடைய பழக்கம். இன்று ஒன்றைக் கேட்பார். பதிலை வாங்கிக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவார். இரண்டு நாள் கழித்து, எதையோ பேசும் நடுவில், அதே கேள்வி வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். பதில் மாறினால் ஒன்றும் சொல்ல மாட்டார். புருவத்தை மட்டும் ஒரு தடவை தூக்கி இறக்குவார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பால் ஊற்றிய பெண் கண்டமங்கலம் பக்கத்துக்காரி. எந்த மாட்டுப் பால், அந்த மாடு எப்போது கன்று போட்டது, இன்று ஏன் நுரை குறைவு என்று தினமும் அவளைப் பிடித்து நிறுத்துவார். அவள் என் மனைவியிடம் வந்து முறையிட்டாள்: "இந்தாளு கேக்கறதப் பாத்தா நான் பால் ஊத்த வர்றனா, கேசுல சாட்சி சொல்ல வர்றனான்னே தெரியலமா. ஒரே பேஜாரு."

நான் அவரை முதலில் பார்த்தது வீட்டில் அல்ல, விழுப்புரம் ரயில் நிலையத்துப் பார்சல் ஆபீசில். அங்கே நான் குமாஸ்தா. புதுச்சேரி வண்டியில் பிரம்புக்கூடைக்குள் வைத்துக் கட்டிய பெரிய கண்ணாடி ஜாடிகள் வந்து இறங்கின. உள்ளே என்ன என்று கேட்டேன். கடல் தண்ணீர் என்றார் பின்னாலேயே வந்து நின்ற வயதானவர். நம் பக்கம் மதுவிலக்கு, புதுச்சேரியில் கடை திறந்து கிடந்தது. அந்த நாளில் புதுச்சேரியிலிருந்து ஜாடியில் வந்து இறங்கும் எதையும் தண்ணீர் என்று நம்புகிறவன் பார்சல் ஆபீசில் உட்கார முடியாது. போலீஸ்காரர் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் தக்கையைப் பிடுங்கி, விரலை விட்டு, நாக்கில் வைத்து, நடைமேடையிலேயே துப்பினார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

சுங்கத்தார் சிரிக்கவில்லை. "இப்படியா சோதனை போடறது? மேல உப்புத் தண்ணிய ஊத்திட்டு அடியில வேற ஜாடி சொருகி வெச்சிருப்பாங்க. குச்சி விட்டுப் பாருங்க" என்றார். குச்சியையும் அவரே தேடி எடுத்து வந்து கொடுத்தார். போலீஸ்காரர் வெட்கப்பட்டுக்கொண்டு எல்லா ஜாடியிலும் குச்சி விட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஜாடிகளோடு சுங்கத்தாரை அனுப்பிவிட்டாலும் எனக்கு மனம் ஆறவில்லை. எங்கே ஒளிப்பார்கள் என்று இவ்வளவு தெரிந்தவர் எதையாவது ஒளித்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்று தோன்றியது. சில மாதத்தில் அவரே எங்கள் முன்பக்கத்துக்குக் குடி வந்தார்.

அந்த வீட்டிலிருந்து வந்த சத்தங்களும் சாதாரணமாக இல்லை. காலையிலும் மாலையிலும் சைக்கிள் பம்பு அடிக்கும் சத்தம் கேட்கும், ஆனால் அவரிடம் சைக்கிள் கிடையாது. பிறகு நாள் முழுவதும் ஒரு மெல்லிய உஸ்ஸென்ற சத்தம். உள்ளே பாம்பு வளர்க்கிறாரோ என்று என் மனைவி கேட்டாள். போய்ப் பார்த்தால், லாரி டயரின் ரப்பர் டியூபில் காற்றடித்து, அதை மெல்லிய குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிக்குள் விட்டுக்கொண்டிருந்தார். மீனுக்கு மூச்சு வேண்டுமாம்.

ஜன்னல் கட்டையில் ஒரு கறுப்புச் சீசா நின்றது. பேட்டரிக் கடையிலிருந்து வாங்கிய கந்தகத் திராவகம். பக்கத்தில் பொட்டலத்தில் நாட்டுமருந்துக் கடையில் விற்கும் அன்னபேதி என்ற பச்சை இரும்பு உப்பு. ஒருநாள் முற்றத்தில் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் தனக்குத்தானே பேசுவதுபோல, "வெடியுப்பு குறையவே மாட்டேங்குது" என்றார். பல் தேய்த்த விரல் எனக்கு வாயிலேயே நின்றுவிட்டது. வெடியுப்பு என்றால் எனக்குத் தெரிந்தது பட்டாசும் பாறைக்கு வைக்கும் வேட்டும்தான். திராவகம், வெடியுப்பு, ஆள் வராத வீடு. அன்று ஆபீசில் எனக்கு வேலை ஓடவில்லை. ரயில்வே போலீசிடம் ஒரு வார்த்தை போட்டு வைக்கலாமா என்று இரண்டு தடவை எழுந்து, இரண்டு தடவை உட்கார்ந்தேன்.

மாலையில் அவரிடமே கேட்டுவிட்டேன். அவருக்கு என் சந்தேகம் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். முதல் தடவையாக நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்தார். அன்னபேதியைக் கரைத்து ஊற்றினார். குழாயைச் சாய்த்துப் பிடித்து, திராவகத்தைச் சுவரோரமாக மெல்ல இறக்கினார். அது கனமாக அடியில் போய்த் தங்கியது. இரண்டும் சேருமிடத்தில் காப்பி டம்ளரில் படியும் கறைபோல ஒரு பழுப்பு வளையம் கட்டிற்று. அதுதான் வெடியுப்புக்கு அடையாளம் என்றார். மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் மட்கி மட்கிக் கடைசியில் இந்த உப்பாகிவிடுமாம். பழைய மாட்டுக்கொட்டகைச் சுவரின் அடியில் வெள்ளையாகப் பூக்கிறதே, அதே உப்பு. கொஞ்சம் இருந்தால் மீன் பொறுத்துக்கொள்ளும். ஏறிக்கொண்டே போனால் தீனி எடுக்காது, செவுள் வேகமாக அடிக்கும், நிறம் மங்கும்.

அதைக் குறைக்க அவர் செய்யாததில்லை. வாராவாரம் பழைய தண்ணீரில் ஒரு பங்கை இறைத்துவிட்டுப் புதிய கடல் தண்ணீர் ஊற்றினார். ஜாடிகள் வந்தது அதற்குத்தான். ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சி, மணலில் படிந்த அழுக்கை வெளியே எடுத்தார். தீனியை எண்ணிப் போட்டார். வெயில் படும் பக்கத்துக் கண்ணாடியில் பச்சைப் பாசியை வளரவிட்டு, தழைத்ததும் சுரண்டி வெளியே எறிந்தார், பாசி அந்த உப்பைத் தின்று வளருமாம். இவ்வளவுக்குப் பிறகும் வளையம் வாரத்துக்கு வாரம் கறுத்தது. அவர் மனம் போகும் வழியில்தானே போகும். யாரோ மூடியைத் தூக்கித் தீனி போடுகிறார்கள் என்று முடிவு கட்டினார். முத்திரை வந்தது அப்படித்தான். முத்திரை ஒரு நாளும் உடைந்திருக்கவில்லை. வளையமும் கறுப்பதை நிறுத்தவில்லை.

இந்த நேரத்தில்தான் என் மகள் கைக்குழந்தையாக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

அவளுக்கு முன்னால் இரண்டு குழந்தைகளை நாங்கள் முகம் பார்க்காமலே இழந்திருந்தோம். பிரசவம் திண்டிவனத்தில், என் மனைவியின் அக்கா வீட்டில் நடந்தது. தாய்ப்பால் குடித்துக்கொண்டு கொழுகொழுவென்று வந்தவள் விழுப்புரத்தில் ஒரு மாதம் நன்றாகவே இருந்தாள். பிறகு என் மனைவிக்கு விஷக்காய்ச்சல் கண்டது. பால் வற்றிப்போயிற்று. டாக்டர் டின் பால் மாவு எழுதிக்கொடுத்தார். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கரைக்கச் சொன்னார். அப்படியே செய்தோம்.

கொஞ்ச நாளில் குழந்தையின் உதடு நாவற்பழம் தின்ற வாய்போல் ஆயிற்று. பிறகு நகங்கள் சிலேட்டுப் பலகை நிறத்துக்கு வந்தன. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. அழுதால் நிறம் இன்னும் கூடியது. திண்டிவனத்தில் கைராசிக்காரர் என்று பெயரெடுத்த டாக்டர் ஒருவர், நெஞ்சில் குழல் வைத்து நெடுநேரம் கேட்டுவிட்டு, இருதயத்தில் கோளாறு இருக்கலாம், கொஞ்சம் தேறட்டும், மதராசுக்குக் கொண்டுபோய்க் காட்டலாம் என்றார். அந்த வார்த்தையைக் கேட்ட இடத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை நான் எப்படி நடந்தேன் என்பது எனக்கு நினைவில்லை.

தாயும் குழந்தையும் அக்கா வீட்டிலேயே தங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது குழந்தையின் உதடு சிவந்திருந்தது. அதே டின் பால்தான். டாக்டரே வியந்தார். இரண்டு வாரம் பார்த்துவிட்டு அக்காவையும் துணைக்கு அழைத்துக்கொண்டு விழுப்புரத்துக்குத் திரும்பினோம். அந்த வாரமே மறுபடி நீலம்.

அக்கா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்: "அங்க இருந்தா நல்லா கீது. இங்க வந்தா கறுத்துப் பூடுது. இந்த ஊட்ல யாரு கண்ணு தம்பி பொல்லாத கண்ணு?"

நாங்கள் மூன்று பேரும் முன்பக்கத்தைத்தான் பார்த்தோம். காரணம் இருந்தது. திண்டிவனத்திலிருந்து திரும்பிய நாள் முதல் அவர் தினமும் முற்றத்துக்கு வந்து நின்று குழந்தையைப் பார்த்தார். அதுவரை குழந்தை இருக்கும் பக்கம் திரும்பாதவர். கொஞ்சவில்லை, சிரிக்கவில்லை. முத்திரையைப் பார்ப்பது போலவே பார்த்தார். ஒருநாள் அதன் சுண்டுவிரலை நிமிர்த்தி, நகத்தை அழுத்தி, விட்டு, நிறம் திரும்புவதைப் பார்த்தார். என் மனைவி பிடுங்காத குறையாகக் குழந்தையை உள்ளே எடுத்துப் போனாள். பால் எந்தப் பால் என்று கேட்டார். இரண்டு நாள் கழித்து மாவு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கேட்டார். பிறகு, எவ்வளவு நேரம் காய்ச்சுகிறீர்கள் என்று. ஆண்பிள்ளை ஒருவருக்கு அடுத்த வீட்டுக் குழந்தையின் பாலைப் பற்றி இத்தனை கேள்வி எதற்கு?

அந்த வாரம் அவருடைய மஞ்சள் மீன் செத்தது. வாழையிலையில் வைத்து எடுத்து வந்து எங்களிடம் காட்டினார். அக்கா கதவைச் சாத்திவிட்டார்.

எனக்குக் கண்ணேறில் முழு நம்பிக்கை கிடையாது. என் சந்தேகம் வேறு மாதிரி வளர்ந்தது. வாராவாரம் தொட்டியிலிருந்து இறைக்கும் அந்தக் கெட்ட தண்ணீரை இவர் எங்கே ஊற்றுகிறார்? திராவகம் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? கிணறு பத்தடி தூரத்தில் இருக்கிறது. கேட்டேன். தெருச் சாக்கடையில் என்றார். இரண்டு நாள் பொறுத்து, அவர் முறையிலேயே, வேறு பேச்சின் நடுவில் மறுபடி கேட்டேன். தெருச் சாக்கடையில் என்றே சொன்னார். புருவத்தை ஒரு தடவை தூக்கி இறக்கினார். என்னை மெச்சினார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கிணற்றின் மேல் சந்தேகம் வந்துவிட்டதால் நாங்கள் தண்ணீரை இன்னும் அதிகம் காய்ச்ச ஆரம்பித்தோம். என்ன கெடுதல் இருந்தாலும் கொதியில் செத்துப்போகட்டும் என்று அக்கா சொன்னார். பித்தளைப் பாத்திரம் நிறைய வைத்தால் பாதியாகச் சுண்டும்வரை இறக்குவதில்லை. பாத்திரத்தின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்தது. அழுக்கெல்லாம் வெளியேறுகிறது என்று அதைப் பார்த்துத் திருப்திப்பட்டோம். குழந்தை பால் குடிக்கும்போதே களைத்துத் தூங்கியது.

அவர் இரண்டு சீசாக்களைத் துணியில் சுற்றிக்கொண்டு புதுச்சேரிக்குப் போனார். திரும்பி வந்தவர் தன் வீட்டைக்கூடத் திறக்காமல் நேராக எங்கள் பக்கம் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அடுப்பில் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. என் மனைவி வாசற்படியில் கையை வைத்து மறித்தாள்.

"அம்மா, அந்தத் தண்ணிய கீழ ஊத்திடுங்க" என்றார்.

"எதுக்கு?"

"என் தொட்டியில யாரும் எதையும் போடல. நான்தான் போட்டேன். கடல் தண்ணி வெயில்ல வத்தும். வத்தறது வெறும் தண்ணி. உப்பு பூரா உள்ளாறவே நின்னுடும். வத்துன அளவுக்கு இந்தக் கெணத்துலேருந்து மொண்டு மொண்டு ஊத்திக்கினு இருந்தேன். வெடியுப்பு கெணத்துல இருக்குதும்மா. எனக்கு வெயிலு செஞ்சத உங்களுக்கு அடுப்பு செய்யுது. என் மீனுக்கு நான் செஞ்சதத்தான் உங்க பொண்ணுக்கு நீங்க செஞ்சிக்கினு இருக்கீங்க."

கொதிக்கவைத்தால் எதுவும் செத்துவிடும் என்று டாக்டரே சொன்னதாக நான் குறுக்கே பேசினேன்.

"கிருமி சாவும் சார். உப்பு எப்படி சாவும்?"

நாங்களும் அதே தண்ணீரைத்தானே குடிக்கிறோம் என்றேன். கீச்சானுக்கு ஒன்றும் ஆகவில்லை, சின்ன மீன்தான் போயிற்று என்றார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மற்றதைச் சொன்னார். புதுச்சேரியில் ரசாயனப் பாடம் நடத்திய பாதிரியார் ஒருவரிடம் தொட்டித் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் என்று இரண்டு சீசாவையும் காட்டியிருக்கிறார். வெளிநாட்டுப் பட்டிக்காடுகளில், எருக்குழிக்குப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் பால் கரைத்துக் கொடுத்த கைக்குழந்தைகள் இப்படி நீலம் பாரித்ததை டாக்டர்கள் எழுதியிருப்பதாகப் பாதிரியார் சொன்னாராம். எங்கள் கிணற்றுச் சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரரின் மாட்டுக்கொட்டகை இருந்தது. எருக்குழியும் அங்கேதான்.

அக்கா என்னைப் பார்த்தார். "இவரு பேச்சக் கேட்டு கொழந்தைக்குத் தண்ணிய மாத்தப்போறியா தம்பி?"

அவர் அக்காவிடம் கோபப்படவில்லை. "என்ன நம்பாதீங்க. உங்க எடத்துல நான் இருந்தா நம்ப மாட்டேன். நாலு நாளு வேற தண்ணி குடுத்துப் பாருங்க. நகத்த நீங்களே பாருங்க" என்றார்.

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. சொல்வதற்குள் என் மனைவி புடவைத் தலைப்பால் பாத்திரத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். ஆவி அவள் முகத்தை மறைத்தது. அவர் பேச்சை நம்பி அல்ல என்று பிறகு சொன்னாள். திண்டிவனத்தில் அக்கா வீட்டுக்கு ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து தண்ணீர் வரும். டின் மாறவில்லை, கை மாறவில்லை, தண்ணீர் மட்டுமே மாறியது என்பது அவர் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது.

அன்றிலிருந்து ரயில் நிலையத்துக் குழாயில் கூஜா நிறையப் பிடித்து வந்தேன். கொதித்தவுடன் இறக்கினோம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ குழந்தை பசித்து அழுதது. அழுகையில் முகம் சிவந்தது. சிவந்தது என்றுதான் சொல்கிறேன். என் மனைவி பாலைக் கொடுக்க மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதராசுக்குப் போய் இருதயத்தையும் காட்டினோம். ஒரு கோளாறும் இல்லை. வீட்டுக்காரரிடம் எருக்குழியை மாற்றச் சொன்னதற்கு, அப்பா காலத்திலிருந்து குடிக்கிற தண்ணீர் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நன்றி சொல்ல வேண்டுமே என்று ஒரு நாள் மாலை பழம் வாங்கிக்கொண்டு முன்பக்கம் போனேன். அவர் மழைத் தண்ணீர் பிடித்துவைத்த பானையிலிருந்து மொண்டு தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் அதைத்தான் ஊற்றுகிறார். வளையம் வெளுத்துக்கொண்டு வருகிறதாம். ஜன்னலில் இன்னொரு குழாய் நின்றது. அது கிணற்றுத் தண்ணீர், மறுபடி சோதித்திருக்கிறார். குழந்தை தேறிய பிறகுமா சந்தேகம் என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"ஒரு தடவ வந்தா அது வளையமா சார்? மொதல்ல வந்தப்பவும் இப்படித்தான், எனக்கு நம்பிக்கையே வரல" என்றார்.

முதலில் எப்போது என்று கேட்டேன். சும்மா, பேச்சுக்குத்தான் கேட்டேன்.

அவர் பானையைக் கீழே வைத்தார். "நீங்க அவங்கள அழைச்சிக்கினு வர்றதுக்கு முன்ன. கொழந்த திண்டிவனத்துல இருந்தப்ப."

நான் உட்காரவில்லை. நாங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனிலிருந்து குதிரை வண்டியில் வந்து இறங்கியபோது இவர் வாசலில் நின்றிருந்தார். எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. சௌக்கியமா என்று கேட்டார். கிணற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே ஐயா."

"என்னான்னு சொல்றது? திராவகம் கெட்டுப்போனதா இருக்கலாம். குழாய சரியாக் கழுவாம இருந்திருக்கலாம். கெணத்துல உப்பு இருந்தாலும் அதாலதான் கொழந்தைக்கு வருதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? தப்பா சொல்லிட்டா? உங்களுக்கு ஏற்கெனவே என் மேல நல்ல எண்ணம் கெடயாது. திரும்ப ஒரு தடவ பாத்தேன். அப்புறம் பாதிரியார்கிட்ட போனேன்."

"நடுவுல என் பொண்ணு குடிச்சிக்கினே இருந்தா."

டியூபிலிருந்து காற்று போய்க்கொண்டிருந்தது.

"தெரியும் சார். அதனாலதான் தெனம் வந்து பாத்தேன்" என்றார்.

பழத்தை நாற்காலியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பின் நாங்கள் சண்டை போடவில்லை. முற்றத்தில் பார்த்தால் பேசினோம். ஆனால் அந்த ஒரு பதிலை நான் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தவிப்போடு வந்து பார்த்தாரா, அல்லது எங்கள் குழந்தை அவருக்கு இன்னொரு கண்ணாடிக் குழாயாக இருந்ததா? அவர் முகத்தில் அதைத் தேடினேன். வாழ்நாளெல்லாம் பிறர் முகத்தில் தேடியவர், தன் முகத்தில் எதையும் விட்டுவைத்திருக்கவில்லை.

எனக்குத் திண்டிவனத்துக்கு மாற்றல் கிடைத்தது. கேட்டு வாங்கிய மாற்றல்தான். அவர் சில வருடம் கழித்துப் புதுச்சேரிக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். இப்போது இருக்கிறாரா இல்லையா என்று உறுதியாகச் சொல்பவர் யாரும் இல்லை.

என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் என் மனைவி, அவர் இல்லாவிட்டால் இவள் இல்லை என்பாள். நான் மறுப்பதில்லை. வேறு மாதிரி மனிதராக இருந்திருந்தால் முதல் நாளே வாய்விட்டுச் சொல்லியிருப்பார், குழந்தை இரண்டாம் தடவை நீலம் பாரித்திருக்காது என்பேன். வேறு மாதிரி மனிதராக இருந்தால் கிணற்றைச் சந்தேகப்பட்டே இருக்க மாட்டார் என்பாள் அவள். எத்தனையோ தடவை பேசியாகிவிட்டது. இருவரில் ஒருவரும் மாறவில்லை.

நேற்றும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்தவள் பையை எறிந்துவிட்டு உள்ளே போனாள். பானையில் சொம்பு இடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு மூச்சுவிடாமல் மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம். நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். அவள் குடித்து முடிக்கும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.